என் வாயால் மருந்து குடித்த மகள்

எனக்குத் தைராய்டு சுரப்பி கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே அதை எடுத்துவிட்டார்கள். சங்கிலி போட்டால் மறைந்துவிடும் இடத்தில் ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. என்னிடம் இல்லாத அந்தச் சுரப்பியின் வியாதி என் மகளின் உயிர்வரை போகும் என்று யாராவது சொல்லியிருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் நானே நம்பியிருக்கமாட்டேன். இப்போது அவளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. நடந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது. என்னைப்போலக் கழுத்தில் தழும்போடு இருக்கும் ஒருத்திக்காவது இது உதவும்.

இலங்கையில், பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. என் கணவர் ரவி பெல்மதுளைச் சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிறார். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், ரவியின் அம்மாவான மாமியும். கல்யாணமாகி மூன்றாவது வருடம் பிள்ளை தங்கியபோது மாமிதான் முதல் ஆளாகத் தோட்டத்துக் கோயிலுக்கு ஓடினார்.

ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் வழக்கம்போல வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார். சிங்களப் பெண். எங்களோடு பழகிப் பழகித் தமிழும் சிங்களமும் கலந்துதான் பேசுவார். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். முகம் சுருங்கியது.

“தவ பாரக்,” என்றார். “இன்னொரு தரம் பாப்போம்.”

இரண்டாவது தரமும் எண்ணினார். பிறகு என்னை இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மூன்றாவது தரமும் எண்ணினார்.

“நூத்தி எண்பத்திரெண்டு. நூத்தி அறுபதுக்குக் கீழ இருக்கணும். பயவென்ன எப்பா. பயப்பட வேணாம். ஆனா இன்னைக்கே ரத்னபுர போங்க. வீட்டுக்குப் போய்ட்டுப் போறேன்னு சொல்ல வேணாம்.”

பயப்பட வேண்டாம் என்றவரின் கைதான் ஆஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு எழுதும்போது அவசரப்பட்டது. ரவி சந்தியிலிருந்து வந்தார். இரத்தினபுரி வரைக்கும் ஒவ்வொரு குழியிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தது டாக்டர் துஷ்யந்தி. யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

“இது பிள்ளையின்ர கழுத்து. இதில முன்னுக்குக் கொஞ்சம் தடிச்சு நிக்குது, தெரியுதா?”

பிள்ளையின் கழுத்தை நான் பார்த்தேன். என் பெருவிரல் பருமன்கூட இல்லாத கழுத்து. அதற்குள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பார்த்த சந்தோஷமும், ஏதோ சரியில்லை என்ற பயமும் ஒரே நேரத்தில் வந்தன.

டாக்டர் திரையை விட்டுவிட்டு என் கழுத்தைப் பார்த்தார். அவசரத்தில் கிளினிக்கிலேயே, கூட வந்திருந்த மாமியிடம் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

“அம்மா, உங்களுக்கு ஏன் சுரப்பியை எடுத்தவை?”

“கட்டி, டாக்டர்.”

“என்ன கட்டி? சும்மா வீக்கமோ, இல்லாட்டி வேற வருத்தம் ஏதும் இருந்ததோ? இதை நீங்கள் சரியாச் சொல்லோணும்.”

ரவி பக்கத்தில் நின்றார். இங்கேதான் என் தவறைச் சொல்ல வேண்டும். எனக்கு வந்தது வெறும் கட்டி இல்லை. இருபத்தைந்து வயதில் கை நடுங்கத் தொடங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. சாப்பிடச் சாப்பிட இளைத்தேன். கண் இரண்டும் பிதுங்கி வெளியே வந்தன. லயத்து வீடுகளில் பேய்க்கண் என்றார்கள். பேசி முடித்திருந்த ஒரு சம்பந்தம் முறிந்தது. கிரேவ்ஸ் என்ற வியாதி என்று டாக்டர்கள் சொன்னார்கள். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிற வியாதி. வியாதி மாத்திரையில் அடங்குவதுபோல் இருந்து, விட்டால் மறுபடி ஏறி, கடைசியில் சுரப்பியையே எடுத்தார்கள். கண் பழையபடி அமைதியானது. அதன்பிறகு ரவி வீட்டிலிருந்து கேட்டு வந்தபோது என் அம்மா சொன்னார்: “கட்டின்னு சொல்லிருவோம்டி. கட்டின்னா எடுத்தா போச்சு. வியாதின்னா யாரு கட்டுவா?”

முதல் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் கேட்டபோதும் பக்கத்தில் மாமி இருந்தார். கட்டி என்றுதான் சொன்னேன். கார்டில் அப்படியே எழுதப்பட்டது. ஒவ்வொரு நாளும் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை எடுக்கிறேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, அதற்குமேல் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

“கிரேவ்ஸ், டாக்டர்,” என்றேன். ரவியின் பக்கம் பார்க்கவில்லை.

டாக்டர் துஷ்யந்தி கோபிக்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார். “நீங்கள் சொன்னது நல்லதாப் போச்சு,” என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லத் தொடங்கினார். அன்று அவர் சொன்னதை நான் எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன்.

தைராய்டு தன் இஷ்டத்துக்கு வேலை செய்வதில்லை. மூளையின் அடியிலிருக்கும் சிறிய சுரப்பி ஒன்று டீஎஸ்எச் என்ற ஹார்மோனை அனுப்பி, இவ்வளவு வேலை செய் என்று அதற்குச் சொல்கிறது. தைராய்டின் மேல் அந்தச் சொல்லைக் கேட்பதற்கென்றே ஒரு பொத்தான் போன்ற இடம் உண்டு. கிரேவ்ஸ் வந்தவர்களின் உடம்பு ஒருவகை ஆன்டிபாடியை உண்டாக்குகிறது. அது போய் அதே பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்கும். மூளை போதும் என்று சொன்னாலும் கை எடுக்காது. சுரப்பி ஓடிக்கொண்டே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஆன்டிபாடியைப் பிறபொருளெதிரி என்று படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. வெளியிலிருந்து வரும் கிருமிக்கு எதிரி. அந்தச் சொல்லைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் அது பிறபொருள் எது, தன்பொருள் எது என்று தடுமாறிப்போகும் என்பதை அப்போது யாரும் சொல்லித்தரவில்லை.

“சுரப்பியத்தான் எடுத்தாச்சே டாக்டர்,” என்றார் ரவி.

“ஓம். சுரப்பியை எடுத்தாச்சு. ஆனா ஆன்டிபாடியைச் செய்யிறது சுரப்பி இல்ல. அது இரத்தத்தில ஓடிக்கொண்டிருக்கும். சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைஞ்சிடும். சிலருக்கு வருஷக்கணக்கா நிக்கும். உங்கட மனுசிக்கு அழுத்திறதுக்குப் பொத்தான் இல்லை. அதால அவவுக்கு ஒண்டும் தெரியேல்ல. இப்ப பிள்ளைக்கு ஒரு புதுச் சுரப்பி வளர்ந்திருக்கு.”

நச்சுக்கொடி தாயின் ரத்தத்தில் இருக்கும் எல்லாவற்றையும் பிள்ளைக்கு விடாது. ஆனால் தாயின் ஆன்டிபாடியை மட்டும் கைபிடித்துக் கூட்டிப்போய்ப் பிள்ளையிடம் விடுமாம். பிறந்ததும் கிருமியிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற அது தாய் கட்டிக்கொடுக்கும் சோறு. அந்தச் சோற்றோடு இதுவும் போயிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வருடமாக என் ரத்தம் ஒரு சுரப்பியைத் தேடிச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கடைசியில் அதை என் பிள்ளையின் கழுத்தில் கண்டுபிடித்துவிட்டது. பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக, நம் உடம்புக்குள் இவ்வளவு நடக்கிறதா என்ற பிரமிப்பு வந்தது.

“ஆனா இது என்ர யோசனைதான்,” என்றார் டாக்டர். “நெஞ்சு வேகமா அடிக்க வேற காரணமும் இருக்கலாம். பிள்ளையின்ர இருதயத்தையும் பார்ப்பம். உங்கட இரத்தத்தில அந்த ஆன்டிபாடி இருக்கோ எண்டு ஒரு டெஸ்ட் எடுப்பம். டீராப் எண்டு சொல்லுவம்.”

“எனக்கு மாசாமாசம் தைராய்டு ரத்தம் எடுத்தாங்களே டாக்டர். எல்லாம் சரின்னுதானே வந்துச்சு?”

“அது எவ்வளவு ஹார்மோன் இருக்கெண்டு பார்க்கிற டெஸ்ட். நீங்கள் மாத்திரை எடுக்கிறியள், அளவு சரியாத்தான் இருக்கும். ஏன் வந்ததெண்டு அது சொல்லாது. அதை ஆன்டிபாடி டெஸ்ட்தான் சொல்லும்.”

அன்றே வார்டில் படுக்கை கொடுத்தார்கள். கையிலிருந்து எடுத்த ரத்தம் ஒரு சிறிய குழாயில் கொழும்புக்குப் போனது. பழைய ஆபரேஷன் காகிதங்களும் தேவை என்றார் டாக்டர். அவை தெரணியகலைப் பக்கம் என் அண்ணன் வீட்டில் இருந்தன. ரவி த்ரீவீல் சாவியை எடுத்தார்.

“கோவமா?” என்று கேட்டேன்.

“காயிதத்த எடுத்துட்டு வந்துர்றேன்,” என்றார். “வந்து கோவப்படுறேன்.”

அவிசாவளை வழியாக, கொட்டுகிற மழையில் போய் வந்தார். மறுநாள் காலை பாலிதீனில் சுற்றிய கோப்பு என் கட்டிலில் இருந்தது. கோப்பு நனையவில்லை. அவர் முழங்கால்வரை நனைந்திருந்தார். சொன்னபடி கோபப்படவும் செய்தார். “என்னைய எவ்வளவு சின்ன ஆளா நெனச்சிருக்க,” என்ற ஒரே வாக்கியம். சொல்லிவிட்டு அவர் போய் எனக்குத் தேநீர் வாங்கி வந்தார்.

பக்கத்துக் கட்டிலில் பரீனா. மாவனல்லையில் பிறந்து பலாங்கொடையில் வாழ்க்கைப்பட்டவள். மூன்றாவது பிள்ளை. சர்க்கரைக்காக அவளை வைத்திருந்தார்கள். நான் அழுவதைப் பார்த்து எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

“ஏன் புள்ள அழுறீங்க? எனக்கும் தைராய்டுதான். எனக்கும் அந்த ஆன்டிபாடி ஈக்கி. ரெண்டு புள்ள பெத்தேன், ரெண்டும் நல்லாத்தான் ஈக்குதுகள். அல்லாஹ் லேசாக்குவான்.”

அது எனக்குக் குழப்பமாக இருந்தது. அவளுக்கும் ஆன்டிபாடி, எனக்கும் ஆன்டிபாடி. அவள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை? டாக்டர் வார்டுக்கு வந்தபோது இரண்டு பேருமாகக் கேட்டோம். டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. பரீனாவின் கட்டில் விளிம்பில் சாய்ந்து நின்றுகொண்டே விளக்கினார்.

தைராய்டுக்கு எதிராக உடம்பு செய்யும் ஆன்டிபாடி ஒரே வகை இல்லை. பரீனாவிடம் இருப்பது டீபீஓ ஆன்டிபாடி. ஹார்மோன் செய்வதற்குத் தைராய்டுக்குத் தேவையான ஒரு பொருளுக்கு எதிரானது. அது இருந்தால், உடம்பு தன் சுரப்பியைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். அந்த வியாதிக்கு ஹஷிமோட்டோ என்று பெயர். சுரப்பி மந்தமாகும், சோர்வு வரும், உடம்பு ஊதும். குறைகிற ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால் போதும். சிலருக்கு இந்த ஆன்டிபாடி இருந்தும் சுரப்பி ஒழுங்காகவே ஓடுமாம். அதனால் ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பார்த்ததும் வியாதி என்று முடிவு செய்யக்கூடாது, ஹார்மோன் அளவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

“பரீனாவின்ர ஆன்டிபாடியும் பிள்ளைக்குப் போகும்தான். ஆனா அது பொத்தானை அழுத்தாது,” என்று முடித்தார்.

“அப்ப என்டது சோம்பேறி ஆன்டிபாடி,” என்றாள் பரீனா. வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

டீராப் முடிவு வர ஐந்து நாள் ஆனது. அதற்குள் பிள்ளையின் இருதயத்தை வேறொரு டாக்டர் பார்த்து, அமைப்பில் குறை இல்லை என்றார். ஆனால் துடிப்பு குறையவில்லை. இப்படியே ஓடினால் அந்தச் சின்ன இருதயம் களைத்துப்போகும் என்பதை எனக்கு மறைக்காமல் சொன்னார்கள். நான் வயிற்றில் கைவைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் சும்மா இருக்கவே மாட்டாள். சுறுசுறுப்பான பிள்ளை என்று இரண்டு மாதமாக நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது அவளுடைய தவிப்பு.

முடிவு வந்தது. சாதாரண எல்லையைவிட மூன்று மடங்கு தாண்டினாலே பிள்ளையைக் கவனிக்க வேண்டுமாம். எனக்குப் பதினான்கு மடங்கு. டாக்டர் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தபோது அவர் முகத்தில் கவலையோடு ஒரு நிம்மதியும் இருந்தது. காரணம் தெரிந்துவிட்டது.

“இண்டைக்கே மருந்து தொடங்குவம். கார்பிமசோல்.”

எனக்குத் தெரிந்த மாத்திரை. என் தைராய்டை அடக்க முன்பு கொடுத்தது. “அடக்குறதுக்கு எங்கிட்ட சுரப்பி இல்லையே டாக்டர்?”

“இது உங்களுக்கில்லை, பிள்ளைக்கு. ஆன்டிபாடி போன பாதையால இதுவும் போகும். உங்கட தைராக்சினையும் நிப்பாட்டாதேங்கோ. அது உங்களுக்கு.”

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. கிளியின் மூக்கு அளவுகூட இல்லை. என் வாயால் என் மகள் மருந்து குடிக்கப்போகிறாள். எந்த உடம்பு அவளுக்கு வியாதியை அனுப்பியதோ அதே உடம்பு வழியாக மருந்தும் போகப்போகிறது. தண்ணீரோடு விழுங்கினேன். கோயிலில் தீர்த்தம் வாங்கும்போதுகூட நான் அப்படி நின்றதில்லை.

மூன்றாம் நாள் நூற்று எழுபத்தாறு. ஆறாம் நாள் நூற்று அறுபத்தெட்டு. மருந்து தொடங்கிப் பத்தாம் நாள் நர்ஸ் எண்ணிவிட்டு, “நூத்தி நாப்பத்தெட்டு,” என்றார். பரீனா தன் கட்டிலிலிருந்தே “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். நான் வயிற்றைத் தொட்டேன். வயிற்றுக்குள் முதல்முறையாக அவள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த நாட்களில் மாமி வரவில்லை. விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ரவியிடம் சோறு மட்டும் கொடுத்தனுப்பினார். எனக்குப் பிடித்த பலாக்கொட்டைக் கறி, உறைப்பில்லாமல். துடிப்பு இறங்கியதைக் கேட்டபிறகு ஒரு பின்னேரம் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

“மாமி, மன்னிச்சிருங்க.”

“படு, படு.” தலையணையைச் சரிசெய்தார். “எங்கிட்ட சொல்லியிருந்தா உன்னைய மலையில இருந்தா தள்ளிவிட்டிருப்பேன்?”

“பயந்துட்டேன்.”

“நீ எனக்குப் பயந்து மறைச்சிருக்க. எம்பேரப்புள்ளைக்கில்ல ஆபத்தா போச்சு.” என் போர்வையை இழுத்துவிட்டார். “இனிமே தலைவலின்னாலும் எங்கிட்ட சொல்லணும். சொல்லுவியா?”

சொல்லுவேன் என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பரீனாவிடம் எத்தனையாவது பிள்ளை என்று கேட்கப் போய்விட்டார்.

முப்பத்தேழாம் வாரம் முடிந்ததும் வலி வரவைத்தார்கள். பெண்பிள்ளை. அழுதாள். துடிப்பு சரியாக இருந்தது. தொப்புள்கொடியிலிருந்தே அவள் ரத்தத்தை எடுத்து டீராப் சோதனைக்கு அனுப்பினார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டோம், டாக்டர் துஷ்யந்தியைத் தவிர.

“ஒரு கிழமை, ஏழு நாள் பொறுங்கோ,” என்றார். “நீங்கள் குடிச்ச மருந்து பிள்ளையின்ர உடம்பில ரெண்டு மூண்டு நாளில முடிஞ்சிடும். நீங்கள் குடுத்த ஆன்டிபாடி முடிய மாசக்கணக்காகும்.”

அவர் சொன்னபடியே ஆறாம் நாள் ஆனது. பிள்ளைக் காம்பராவில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள் நான். பச்சைப்பிள்ளை என்றால் தூங்கும். இவள் கண்ணை அகலத் திறந்துகொண்டே கிடந்தாள். பாலைக் குடித்துக்கொண்டே இருந்தாள், எடை குறைந்துகொண்டே போனது. நெற்றி வியர்த்தது. கையைத் தொட்டேன். விரல்கள் நடுங்கின. எனக்கு அந்த நடுக்கம் தெரியும். இருபத்தைந்து வயதில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் நான் வைத்திருந்த அதே கை. நான் பட்டதையெல்லாம் ஆறு நாள் பிள்ளை பட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸைக் கூப்பிட்டேன். துடிப்பு இருநூற்றுப் பத்து.

குழந்தைகளின் தனி வார்டுக்குக் கொண்டுபோனார்கள். இந்தமுறை மருந்தை அவளே குடித்தாள். ஒன்று சுரப்பியை அடக்க, இன்னொன்று நெஞ்சின் வேகத்தைக் குறைக்க, ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. கொடி ரத்தத்தின் முடிவும் வந்தது. அவளிடமும் அந்த ஆன்டிபாடி நிறைய இருந்தது.

“இவளுக்கும் என்னைப்போல வாழ்நாள் முழுக்க இருக்குமா டாக்டர்?” என்று கேட்டேன். பிரசவத்திலிருந்து என் நெஞ்சில் கிடந்த கேள்வி அதுதான்.

டாக்டர் துஷ்யந்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்த மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இல்லை. பிள்ளைக்கு இதைச் செய்யத் தெரியாது. நீங்கள் குடுத்தது மட்டும்தான் இருக்கு. அது கரைஞ்சு கரைஞ்சு போகும். அதுவரைக்கும் நாங்கள் அவளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாச் சரி.”

பிடித்துக்கொண்டு நின்றோம். மூன்று கிழமை ஆஸ்பத்திரியில், பிறகு வீட்டில். மாமி மருந்து நேரத்தைச் சுவரில் கரியால் எழுதி வைத்தார். கிழமைக்கொரு தரம் ரவி எங்களை இரத்தினபுரிக்குக் கூட்டிப்போனார். மூன்று கிழமைக்கு ஒருமுறை ஆன்டிபாடி பாதி, அதில் பாதி என்று இறங்கியது. மருந்தும் அதனோடு இறங்கியது. ஒருநாள் அவள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். எழுப்பக்கூடாது என்று கை மரத்துப்போகும்வரை அப்படியே வைத்திருந்தேன். மூன்றாம் மாத முடிவில் வந்த காகிதத்தில் அந்த எண் எல்லைக்குக் கீழே இருந்தது. மருந்தை நிறுத்தினார்கள். திரும்ப வரவில்லை.

என்னுடையது இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது. அடுத்த பிள்ளை என்றால் முதல் மாதத்திலேயே இந்தச் சோதனையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் என் கார்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதித் தந்திருக்கிறார். இப்போது யார் கேட்டாலும் கிரேவ்ஸ் என்றே சொல்கிறேன்.

போன கிழமை ஒன்பதாம் மாத ஊசிக்குப் போனோம், அம்மை நோய் வராமலிருக்கப் போடுவது. இதை ஏன் பிறந்த உடனே போடாமல் இவ்வளவு நாள் வைத்திருக்கிறீர்கள் என்று அங்கிருந்த நர்ஸிடம் கேட்டேன். தாய் கொடுத்த ஆன்டிபாடி பிள்ளையின் ரத்தத்தில் இருக்கும்வரை இந்த ஊசி சரியாக வேலை செய்யாது, அது தீர்ந்தபிறகுதான் பிள்ளையின் உடம்பு தானாகச் செய்யப் பழகும் என்றார்.

நான் கொடுத்தது எல்லாம் தீர்ந்துவிட்டது. அவளைக் காத்ததும், அவளை வாட்டியதும். நர்ஸ் ஊசியைப் போட்டார். என் மகள் கிளினிக்கே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அவளுடைய தொடையில், யாரும் பார்க்க முடியாத ஓர் இடத்தில், முதல்முறையாக அவளுக்கே சொந்தமான ஒரு காவல் தொடங்கிக்கொண்டிருந்தது. அவளை மார்போடு அணைத்தேன். அவள் நெஞ்சு என் நெஞ்சின்மேல் அடித்தது. அழுகிற பிள்ளையின் நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டுமோ, அவ்வளவு வேகம். எண்ணத் தோன்றவில்லை.